கடலிலும் மேடு உண்டு: கரையோர நீர்மட்டமும் தூரத்து நீரோட்டமும்

ரயில் நிலையத்தில் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று பொடியாக ஓர் எண் இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, "எந்தக் கடல்?" என்று கேட்டேன். கூட வந்த பெரியவர்கள் சிரித்தார்கள். கடலெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துதானே கிடக்கிறது, எங்கே அளந்தாலும் ஒரே மட்டம்தான் என்றார்கள். நியாயமான பதில். ஆனால் தப்பு.

அந்தப் பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. நாட்டின் உயரங்களை அளக்கக் கிளம்பிய நில அளவையாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். இந்தியாவில் 1909இல் உயரத்துக்குப் பூச்சியப் புள்ளி குறித்தபோது, சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களில் பதிவான நீர்மட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் இடத்துச் சராசரியும் பூச்சியம் என்று வைத்தார்கள். 1929இல் அமெரிக்கர்கள் செய்ததும் இதுவே. அங்கே 26 நிலையங்கள். அவற்றில் ஐந்து கனடாவில் இருந்தன.

ஆனால் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குத் தரைவழியாக மட்டம் பிடித்துக்கொண்டு போனால் கணக்கு உதைக்கிறது. விசாகப்பட்டினத்தில் கடலின் சராசரி மட்டம் மும்பையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஓர் அடி உயரம். அலையையும் ஓதத்தையும் (கடல் தினமும் ஏறி இறங்குவதையும்) கழித்துவிட்டு, வருடக்கணக்கில் சராசரி எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் போகவில்லை. அதாவது கடலுக்கு நிரந்தரமான மேடும் பள்ளமும் இருக்கின்றன. அவை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறவும் செய்கின்றன. கரையில் நீர் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை, கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி ஓடும் நீரோட்டத்தைக் கேட்காமல் சொல்ல முடியாது. ஏன் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சாமியை வலப்பக்கம் வைத்து

ஒரு சொம்புத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினால் அது பள்ளத்தைப் பார்த்து ஓடும். கடலில் ஒரு மேடு இருந்தால் அங்கேயும் நீர் நாலாபக்கமும் இறங்கி, சில நாளில் எல்லாம் சமமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. காரணம் பூமி சுற்றுவது.

குடை ராட்டினத்தில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே எதிரில் இருப்பவரிடம் பந்தை எறிந்து பாருங்கள். பந்து நேராகத்தான் போகும். ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது வளைந்து போவதுபோல் தெரியும். பூமியின் மேல் ஓடும் காற்றுக்கும் நீருக்கும் இதே கதைதான். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எது ஓடினாலும் வலப்பக்கமாக விலகும், தெற்கே இடப்பக்கமாக. பள்ளிப் புத்தகத்தில் கொரியாலிஸ் விசை என்று படித்தது இதைத்தான். 1835இல் இதற்குக் கணக்கு எழுதிய பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. முற்றத்துச் சொம்புத் தண்ணீருக்கு இந்த விசை உறைக்காது. பல மணி நேரம், பல பத்து கிலோமீட்டர் ஓடும் நீருக்குத்தான் உறைக்கும்.

இப்போது வட அட்லாண்டிக்கில் ஒரு நீர்மேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து நீர் கீழே இறங்கத் தொடங்குகிறது. இறங்க இறங்க வலப்பக்கம் திரும்புகிறது. திரும்பித் திரும்பி, கடைசியில் சரிவுக்குக் குறுக்காக ஓடத் தொடங்கிவிடுகிறது. மலைச்சரிவில் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் ஒரே உயரத்தில் போகும் ஒற்றையடிப் பாதை இருக்குமே, அந்த மாதிரி. சரிவு நீரைக் கீழே இழுக்கிறது. பூமியின் சுழற்சி அதை மேட்டுப் பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சமமாக நிற்கும்வரை மேடும் கரையாது, ஓட்டமும் நிற்காது.

எந்தப் பக்கம் மேடு என்று நினைவில் வைத்துக்கொள்ளத் தமிழர்களுக்குக் கஷ்டமே இல்லை. கோயில் பிரகாரத்தில் சாமியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுகிறோம் அல்லவா? வடகோளத்தில் நீரோட்டம் மேட்டை வலம் வருகிறது. நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் நீர் உயரம், இடக்கைப் பக்கம் தாழ்வு. தென்கோளத்தில் அப்பிரதட்சிணம். இந்த ஒரு விதி போதும். இனி வருவதையெல்லாம் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய கொஞ்சம் இடத்தில் மட்டும் இது செல்லாது, அங்கே இந்த விசை பூச்சியமாகிவிடுகிறது.

சரி, சரிவு எவ்வளவு இருக்கும்? 30 டிகிரி வட அட்சரேகையில் நீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால், சரிவு ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிமீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டர் போனால் ஓர் அரிசியின் நீளம் ஏற்றம். கப்பலில் போகிறவருக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. ஆனால் நீரோட்டத்தின் அகலம் நூறு கிலோமீட்டர் என்றால் மொத்தம் 70 சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிடுகிறது. கடற்கரை நகரங்களில் ஒரு சாண் கூடுதலாக ஏறினாலே தெருவுக்குள் தண்ணீர் வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்ன எண் அல்ல.

சரிவினால் ஓட்டமா, ஓட்டத்தினால் சரிவா என்று கேட்டால் அது கோழியா முட்டையா கேள்விதான். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள். ஒன்று மாறினால் மற்றது மாறியே ஆகவேண்டும். இரண்டையும் ஓட்டிக்கொண்டிருப்பது, ஆண்டு முழுவதும் கடல்மேல் வீசி நடுக்கடலில் நீரைக் குவிக்கும் காற்று.

அமெரிக்கக் கிழக்குக் கரை தாழ்ந்து நிற்கும் கதை

பாடப்புத்தக உதாரணம் வளைகுடா நீரோட்டம். புளோரிடாவுக்கும் பஹாமாஸ் தீவுகளுக்கும் நடுவில் புகுந்து, அமெரிக்கக் கரையை ஒட்டி வடக்கே ஏறி, வட கரோலினாவின் ஹாட்டராஸ் முனையில் கரையை விட்டு விலகி அட்லாண்டிக்குக்குள் போகிறது. இதை முதலில் வரைபடமாக அச்சிட்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கப்பல்கள், வணிகக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாக வருகின்றன என்ற புகார் அவரிடம் வந்தது. திமிங்கில வேட்டைக் கப்பல்களின் தலைவராக இருந்த உறவினர் டிமோதி ஃபோல்ஜரிடம் விசாரித்தார். தபால் கப்பல்காரர்கள் ஓட்டத்தை எதிர்த்து வருகிறார்கள், நாங்கள் சொன்னாலும் கேட்பதில்லை என்றார் அவர். திமிங்கிலம் தேடித் திரிந்தவர்களுக்கு ஓட்டத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

புளோரிடாவை ஒட்டிய பகுதியில் மட்டும் நொடிக்கு சுமார் 3 கோடியே 20 லட்சம் கன மீட்டர் நீர் ஓடுகிறது. உலகத்தின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் கொட்டுவது நொடிக்கு 12 லட்சம் கன மீட்டர் அளவில்தான். இந்த ஓட்டத்தை மேட்டூர் அணைக்குள் திருப்பிவிட்டால், 93.47 டிஎம்சி கொள்ளளவும் ஒன்றரை நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். மேட்டூர் நிரம்புமா நிரம்பாதா என்று ஜூன் மாதம் முழுக்கச் செய்தி பார்க்கும் நமக்கு இந்த அளவை ஜீரணிக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

இப்போது வலம் வரும் விதியைப் போட்டுப் பாருங்கள். ஓட்டம் வடக்கே போகிறது. வடக்கைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் நடு அட்லாண்டிக், அதாவது சர்காசோ கடல். இடக்கைப் பக்கம் அமெரிக்கா. ஆகவே நடுக்கடல் மேடு, கரை பள்ளம். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். நியூயார்க், போஸ்டன் துறைமுகங்களில் நிற்கும் நீர், நீரோட்டத்துக்கு அப்பால் உள்ள நீரைவிட அந்த அளவு தாழ்ந்து நிற்கிறது. வளைகுடா நீரோட்டம் ஒரு கண்ணுக்குத் தெரியாத கரைபோல் நின்று மேட்டுநீரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இதே மேட்டை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். சர்காசோ பக்கம் பல நூறு மீட்டர் ஆழம் வரை நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. சூடான நீர் விரிந்து இடத்தை அடைக்கும். அதனால் மேற்பரப்பு உயர்ந்து நிற்கிறது. கரைப்பக்கம் குளிர்ந்த, கனமான நீர், அதனால் தாழ்வு. வெப்பத்தால் வந்த மேடு ஒன்று, ஓட்டத்தால் வந்த மேடு இன்னொன்று என்று இரண்டாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரே மேடுதான், மேலேயிருந்து பார்த்தால் சரிவு, உள்ளே வெப்பமானி விட்டுப் பார்த்தால் வெந்நீர்க் குவியல்.

அப்படியானால் ஓட்டம் தளர்ந்தால் என்ன ஆகும்? சரிவு குறையும். மேட்டுப் பக்கம் கொஞ்சம் இறங்கும், கரைப் பக்கம் கொஞ்சம் ஏறும். நீரோட்டத்துக்கும் கரையோரத் துறைமுகங்களில் பதியும் மாதாந்திர மட்டத்துக்கும் இந்த உறவு உண்டா என்று 1938இலேயே ரேமண்ட் மாண்ட்கோமரி ஆராய்ந்திருக்கிறார். அன்று அவரிடம் இருந்தவை ஓதமானிகள் மட்டுமே. ஓதமானி என்பது பெரிய விஷயமில்லை. துறைமுகத்தில் ஒரு குழாய்க்குள் மிதவை போட்டு, கடல் ஏறி இறங்குவதைக் காகிதத்தில் பதியும் கருவி. இப்போது ரேடார் வைத்து அளக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு சண்டையும் நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் வடக்கே போகப் போகக் கடல் மட்டம் ஏறுகிறது என்றார்கள், தரைவழியாக மட்டம் பிடித்துப் போன நில அளவையாளர்கள். இல்லை, இறங்குகிறது என்றார்கள் கடலியலாளர்கள். இரு தரப்பும் தங்கள் அளவில் கெட்டி. பல பத்தாண்டுகள் இழுத்த இந்தச் சண்டை, பூமியின் ஈர்ப்பைச் செயற்கைக்கோளிலிருந்து அளக்க ஆரம்பித்த பிறகுதான் முடிந்தது. கடலியலாளர்கள் பக்கமே நியாயம். தரைவழி அளவையில் ஒவ்வொரு அடியிலும் சேர்ந்த துளித்துளிப் பிழை ஆயிரம் கிலோமீட்டரில் திரண்டு, சரிவையே தலைகீழாகக் காட்டிவிட்டிருந்தது. அமெரிக்கா 1988ஆம் ஆண்டின் புது உயர முறையில் 26 நிலையங்களையும் விட்டுவிட்டு, கனடாவின் ரிமூஸ்கியில் உள்ள ஒரே ஒரு புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டது.

வெயில் காயும்போது தெருவில் வெள்ளம்

2009 ஜூன், ஜூலையில் அமெரிக்கக் கிழக்குக் கரை முழுக்க ஓதம் எதிர்பார்த்ததைவிட ஏறி நின்றது. புயல் இல்லை, மழை இல்லை. அந்நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா இதை ஆராய்ந்தபோது இரண்டு காரணங்கள் கிடைத்தன. ஒன்று, விடாமல் வீசிய வடகிழக்குக் காற்று. இன்னொன்று, அப்போது தளர்ந்துபோயிருந்த புளோரிடா ஓட்டம், அதாவது வளைகுடா நீரோட்டத்தின் புளோரிடாவை ஒட்டிய பகுதி.

அது முன்னோட்டம்தான். 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நியூயார்க்குக்கு வடக்கே உள்ள கரையில் கடல் மட்டம் 128 மில்லிமீட்டர் ஏறியது. உலகக் கடல் மட்டம் சராசரியாக இந்த அளவு ஏற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதே சமயத்தில் அட்லாண்டிக்கின் பெருஞ்சுழற்சி, அதாவது வெந்நீரை மேலே வடக்குக்கும் குளிர்நீரை அடியில் தெற்குக்கும் கொண்டுபோகும் ஓட்டம், 30 சதவீதம் சரிந்திருந்தது. 26.5 டிகிரி வட அட்சரேகையில் கடலுக்குக் குறுக்கே 2004 முதல் நங்கூரமிட்ட கருவிகள் இருந்ததால் இது தெரியவந்தது. கருவி போட்டு ஐந்து வருடத்தில் இப்படி ஒன்று மாட்டியது அதிர்ஷ்டம். பிறகு ஓட்டம் மீண்டது. கரையில் ஏறிய நீரும் பெருமளவு இறங்கியது.

மியாமிக்காரர்களுக்கு இதெல்லாம் வருடாந்திர விவகாரம். அக்டோபர் ஒட்டிய வாரங்களில், வானம் தெளிவாக இருக்கும்போதே தெருச் சாக்கடை வழியாகக் கடல்நீர் மேலே வருகிறது. அமாவாசை, பௌர்ணமி ஓதம் ஒரு காரணம். கோடை முழுக்கச் சூடேறிய நீர் விரிந்து நிற்பது இன்னொன்று. மூன்றாவது, புளோரிடா ஓட்டம் ஜூலையில் உச்சத்தில் இருந்து இலையுதிர் காலத்தில் தளர்வது. மூன்றும் ஒரே மாதத்தில் கைகோத்துக்கொள்கின்றன. 2016 அக்டோபரில் மேத்யூ சூறாவளி புளோரிடாவை ஒட்டிப் போனபோது ஓட்டத்தையே கலைத்துவிட்டது. புயல் போன பிறகும் கரையோர நீர் நாள்கணக்கில் இறங்காமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். கரையில் நீர் ஏறினாலே வளைகுடா நீரோட்டம் நின்றுபோகப் போகிறது என்று செய்தி போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹாட்டராஸ் முனைக்கு வடக்கே ஓட்டம் கரையை விட்டு வெகுதூரம் விலகிவிடுகிறது. நடுவில் ஆழம் குறைந்த அகலமான கண்டத்திட்டு கிடக்கிறது. ஓட்டத்தின் செய்தி அதைத் தாண்டி வரும்போது மங்கிவிடும். அங்கே கரையை ஒட்டி வீசும் காற்றுக்கும், காற்றழுத்தத்துக்கும் செல்வாக்கு அதிகம். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் ஏறும். இது எந்த நீரோட்டமும் இல்லாமலே நடப்பது. ஒரு வார ஏற்றத்துக்குக் காற்றைக் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் ஏற்றத்துக்கு நீரோட்டத்தைக் கேளுங்கள் என்பது மோட்டாவான கணக்கு.

ஓட்டம் தளர்கிறதா என்று அளப்பதே எத்தனை கஷ்டம் என்பதற்கு ஒரு கேபிள் கதை இருக்கிறது. புளோரிடாவுக்கும் கிராண்ட் பஹாமா தீவுக்கும் நடுவில் கடலடியில் தொலைபேசிக் கேபிள் கிடந்தது. உப்புநீர் மின்சாரம் கடத்தும். அது பூமியின் காந்தப்புலத்துக்குள் ஓடும்போது சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும். கேபிளின் இரு முனைகளில் அதை அளந்தால் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று கணக்கிடலாம். 1982இல் இப்படி அளக்கத் தொடங்கினார்கள். பேச்சைச் சுமக்கப் போட்ட கம்பி கடலை ஒட்டுக்கேட்டது. 2023இல் வந்த ஓர் ஆய்வு, இந்தக் கேபிள் அளவுகளையும் மற்றவற்றையும் சேர்த்துப் பார்த்து, நாற்பது ஆண்டுகளில் ஓட்டம் 4 சதவீதம் குறைந்திருக்கிறது என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது: இந்த நாற்பது ஆண்டுகளில் அந்த இடத்தில் பூமியின் காந்தப்புலமே மெல்ல மாறியிருக்கிறதே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா? சேர்த்துத் திருத்தியபோது கேபிள் காட்டிய சரிவு பெரும்பாலும் மறைந்துவிட்டது. முதல் குழு தப்பு செய்தது என்று இதற்குப் பொருள் அல்ல. அளவுகோலே மெல்ல நீண்டுகொண்டிருந்தால் யார்தான் என்ன செய்வது?

பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சொல்லும் சேதி

ஜப்பானியர்கள் இந்த உறவைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறார்கள். கரையை அளந்து, நீரோட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அங்கே ஓடுவது குரோஷியோ. வளைகுடா நீரோட்டத்தின் பசிபிக் சகோதரன். சாதாரணமாக ஜப்பானின் தென்கரையை ஒட்டிக் கிழக்கே போகும். சில ஆண்டுகளில் மட்டும் கீ தீபகற்பத்துக்கு அருகே தெற்கே வளைந்து, பெரிய சுற்று சுற்றிவிட்டுத் திரும்பும்.

அந்தத் தீபகற்பத்தின் கடைசியில் ஷியோனோமிசாகி என்று ஒரு முனை. அதன் ஒரு பக்கம் குஷிமோட்டோ, மறுபக்கம் உராகாமி. இரண்டு ஊரிலும் ஓதமானி இருக்கிறது. குரோஷியோ முனையை உரசிக்கொண்டு ஓடும்போது இரண்டு ஊர்களின் நீர்மட்டங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். குரோஷியோ வளைந்து விலகிவிட்டால் வித்தியாசம் குறைந்து, இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கத் தொடங்கும். செயற்கைக்கோளுக்கு முன்பே, இரண்டு எண்களைக் கழித்துப் பார்த்து, பெரு வளைவு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடிந்தது இப்படித்தான். 2017 ஆகஸ்டில் தொடங்கிய கடைசி வளைவு 2025 ஏப்ரலில் முடிந்தது. ஏழு ஆண்டு ஒன்பது மாதம், பதிவுகளிலேயே நீளமானது.

வளைவு இருக்கும் காலத்தில், கீ தீபகற்பத்துக்குக் கிழக்கே உள்ள டோக்காய் கரையில் தண்ணீர் ஏறி நிற்கும். வளைந்து திரும்பும் ஓட்டத்திலிருந்து ஒரு கிளை கரையை ஒட்டி மேற்கே திரும்புவதுதான் காரணம். மேற்கைப் பார்த்து நில்லுங்கள்: வலக்கைப் பக்கம் வடக்கு, அதாவது கரை. விதி அங்கேயும் பொய்க்கவில்லை.

நம்ம பக்கம்

வங்கக் கடலுக்கு வருவோம். உலகத்தின் பெரிய கரையோர நீரோட்டங்களில் பெரும்பாலானவை ஒரே பக்கம் ஓட, நம் கிழக்குக் கரை நீரோட்டம் வருடத்தில் இரண்டு தரம் திசை மாறும். பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. கடலோரத்தில் இதை நீவாடு என்பார்கள்; எந்தப் பக்கத்து நீவாடு என்று பார்த்து வலை போடுபவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. அலை கரையில் மணலை நகர்த்துவது வேறு விஷயம். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும் வடக்கே ராயபுரத்துப் பக்கம் கரை அரித்ததும் அலையின் வேலை, இந்த நீரோட்டத்தின் வேலை அல்ல.

மார்ச் மாதம் சென்னையில் வடக்கைப் பார்த்து நில்லுங்கள். ஓட்டமும் வடக்கே போகிறது. வலக்கைப் பக்கம் கடல், இடக்கைப் பக்கம் நகரம். ஆகவே கரையில் நீர் தாழ்ந்திருக்க வேண்டும். நவம்பரில் ஓட்டம் தெற்கே. இப்போது வலக்கைப் பக்கம் கரை. ஆகவே கரையில் நீர் உயர்ந்திருக்க வேண்டும். சென்னை, விசாகப்பட்டினம் ஓதமானிகள் சொல்வதும் அதுவே: மார்ச், ஏப்ரல் வாக்கில் அடிமட்டம், அக்டோபர், நவம்பரில் உச்சம். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்காவது வித்தியாசம் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், அதே வேக ஓட்டத்துக்கு இங்கே சரிவு அமெரிக்கக் கரையில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. அப்படியும் இவ்வளவு.

நன்னீர் வேறு இதில் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டிய நீர் வங்கக் கடலின் மேற்பரப்பில் பரவுகிறது. உப்பில்லாத நீர் லேசானது. லேசான நீர் உயர்ந்து நிற்கும். அது நம் கரையை ஒட்டியே தெற்கே இறங்குகிறது. விசாகப்பட்டினம் மும்பையைவிட ஓர் அடி உயர்ந்து நிற்பதற்கும் பெரும் காரணம் இந்த உப்புக் குறைவுதான்.

இதில் கவலைப்பட வேண்டிய பகுதி ஒன்று உண்டு. நம் பக்கம் புயல் அடிக்கும் மாதங்களும் அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான். அதாவது புயல் தள்ளிக்கொண்டு வரும் நீர், ஏற்கெனவே ஒரு சாண் உயர்ந்து நிற்கும் கடலின் மேல் ஏறி வருகிறது. அதே பலமுள்ள புயல் மார்ச்சில் வந்தால் கடல் அந்த அளவு தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கும்.

மேற்குக் கரையில் இதைவிட விநோதம். கொச்சியில் ஜூன் தொடங்கி மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கடல் அப்போதுதான் ஏறும் என்று நினைப்போம். அங்கே கடல் மட்டம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வருடத்திலேயே தாழ்வாக இருக்கும். ஏன்? அந்தப் பருவத்தில் மேற்குக் கரை நீரோட்டம் தெற்கே போகிறது. தெற்கைப் பார்த்து நின்றால் கேரளம் இடக்கைப் பக்கம். கரையில் நீர் தாழ, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது, அதோடு மீனுக்கு இரையும் வருகிறது. மழை ஓய்ந்த பிறகு மத்தி குவிவதற்கும் இந்தத் தாழ்ந்த கடலுக்கும் உறவு உண்டு.

இவ்வளவையும் வானத்திலிருந்து பார்க்க முடிந்தது 1992இல்தான். டோபெக்ஸ் போசைடன் என்ற செயற்கைக்கோள் 1,336 கி.மீ. உயரத்திலிருந்து கடலின் உயரத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்தது. 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய, பிரெஞ்சுக் கூட்டுக் கோளான சரளும் இதே வேலைக்குத்தான். ஆனால் அளந்த உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் கடலே பல பத்து மீட்டர் மேடுபள்ளமாக உட்கார்ந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய அந்த மாதிரிப் பள்ளம், நூறு மீட்டருக்கும் மேல் ஆழமானது, இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் நீர் ஓடி இறங்காது. ஈர்ப்பின் கணக்கில் அதுதான் அங்கே சமதளம். அதைக் கழித்தபின் மிஞ்சும் அரை மீட்டர், ஒரு மீட்டர் மேடுகளைச் சுற்றித்தான் நீரோட்டம் வலம் வருகிறது.

சரி, நவம்பரில் நம் கரை நீரோட்டத்தைத் தெற்கே திருப்புவது யார்? வடகிழக்குக் காற்றுதான் என்று சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. நிலநடுக்கோட்டில் வீசும் காற்று அங்கே கடலை ஒரு பக்கமாகத் தள்ளினால், அந்த ஏற்றமோ இறக்கமோ ஓர் அகண்ட அலையாகக் கிழக்கே நகர்ந்து சுமத்ராவில் முட்டும். முட்டியபின் கரையைப் பிடித்துக்கொண்டு அந்தமான் கடல், மியான்மர், வங்கதேசம் என்று சுற்றி, ஒடிசா, ஆந்திரா வழியாகச் சென்னைக்கு இறங்கும். இந்த அலையும் கரையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் அலை அல்ல இது. சில வாரம் எடுத்துக்கொண்டு கடலை ஒரு சாணுக்கும் குறைவாக ஏற்றி இறக்கும் மெதுவான மூச்சு. 1997இல் நிலநடுக்கோட்டுக் காற்று வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கிலிருந்து வீசியது. அன்று கிளம்பியது இறக்க அலை. சுமத்ரா கரையில் கடல் தாழ்ந்தது. வங்கக் கடலின் விளிம்பெல்லாம் தாழ்ந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நம் கிழக்குக் கரை நீரோட்டமும் வழக்கமான தெம்போடு தெற்கே ஓடவில்லை.